புயல்மழைக் காலத்தில் நிலப்படத்தின் பயன்

வடகிழக்குப் பருவமழை நம் நாட்டுக்கு வாழ்வளிப்பது. அதுவே சில ஆண்டுகளில் பெருந்துன்பமாகவும் வந்து சேருகிறது. ஐப்பசியில் ஏரி நிறைந்தால் விவசாயி மகிழ்கிறார். ஆனால் வடிகால் தூர்ந்து, சம்பாப் பயிர் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால், அவருடைய உழைப்பு முழுவதும் அழுகிப்போகிறது. நெசவாளர் நிலையும் அவ்வாறே. மழை நாட்களில் தெருவில் பாவு போட இயலாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் மிதியில் கால் வைக்க இயலாது. நீர் இன்னும் ஒரு முழம் ஏறிவிட்டால், தறியில் ஏற்றிய பாவும் சங்கத்திடம் பெற்ற பட்டும் சரிகையும் சேர்ந்தே கெடுகின்றன.

இத்துன்பம் இனிக் குறையும் என்று நம்புவதற்கில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. பூமி வெப்பமடைய வெப்பமடைய, பெய்யும் மழை ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கும் நிலை மிகுகிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் நீர் எந்த வழியாக வரும், எந்தத் தெருவில் தேங்கும், யாருடைய உடைமை முதலில் நனையும் என்பவற்றை முன்னரே அறிந்து வைப்பது இயலும். இதற்கு உதவும் கருவியே நிலப்படம்.

நிலப்படம் என்பது யாது?

நிலப்படம் நமக்குப் புதிதன்று. நில அளவைத் துறையின் புலப்படத்தை அறியாத விவசாயி இலர். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவைப் பணியே 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே, லாம்டன் என்பவர் சங்கிலி கொண்டு அடிக்கோடு ஒன்றை அளந்ததிலிருந்து தொடங்கிற்று.

இன்றைய கணிப்பொறி நிலப்படம் அதனினும் ஒரு படி மேற்பட்டது. ஒளி ஊடுருவும் தாள்கள் சிலவற்றில் தனித்தனியே படம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போன்றது அது. முதல் தாளில் ஆறு, ஏரி, வாய்க்கால். இரண்டாவதில் நிலத்தின் மேடு பள்ளம். மூன்றாவதில் சாலையும் வீடுகளும். நான்காவதில் பயிர் நிலங்கள். இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால், "நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் எந்தத் தெருக்கள் மூழ்கும்? நீர் ஏறாத பள்ளிக்கூடம் எது? அங்குச் செல்லும் பாதை எது?" என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கிறது.

மேகத்தை ஊடுருவும் கண்

வெள்ளக் காலத்தில் வானம் மூடியிருக்கும். ஆகவே ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் அந்நாட்களில் மேகத்தையே காண்கின்றன. ராடார் பொருத்திய கோள்களுக்கு இத்தடை இல்லை. அவை தாமே நுண்ணலைகளைக் கீழே செலுத்தி, திரும்பி வரும் அலையைப் பதிவு செய்கின்றன. இரவானாலும் மழையானாலும் அலை ஊடுருவிச் செல்லும். கரடான நிலம் அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். அசையாத நீர்ப்பரப்போ கண்ணாடியைப் போல அதனை வேறு திசையில் தெறித்துவிடும். ஆதலால் படத்தில் நீர் நின்ற இடம் கருமையாகத் தோன்றும். மழைக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், புதிதாக நீர் சூழ்ந்த இடம் எதுவெனத் தெரிந்துவிடும்.

ஐரோப்பிய நாடுகள் 2014-இல் ஏவிய சென்டினல்-1, நம் நாடு 2022-இல் ஏவிய இ.ஓ.எஸ்.-04, இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக உருவாக்கி 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய நிசார் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இத்தகைய படங்களைக் கொண்டு வெள்ள நிலப்படங்களைத் தயாரித்து அரசுகளுக்கு அளித்து வருகிறது.

பயன் கண்ட இடங்கள்

ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, சுமார் பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவே. புயலின் பாதையைக் கணித்துக் கூறிய வானிலைத் துறை, கடலோரத்தில் கட்டிய புயல் காப்பகங்கள், வீடு வீடாகச் சென்ற தொண்டர்கள் ஆகிய அனைவருக்கும் இப்பெருமை உரியது. எந்த ஊர் தாழ்ந்தது, எந்தக் காப்பகம் அருகிலுள்ளது என்ற அறிவு கையில் இருந்தமையால்தான் அவர்கள் உழைப்பு பயன்பட்டது.

நம் மாநிலத்தில் 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. நிவாரணம் மரக்கணக்கில் வழங்கப்பட்டது. விழுந்த மரங்களை அகற்றிய பின், எத்தனை மரங்கள் நின்றன என்பதற்குச் சான்று யாது? புயலுக்கு முன் எடுத்த நுண்ணிய வான்படத்தில் தென்னையின் தலை ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். முன்படமும் பின்படமும் சேர்ந்து, எவரும் மறுக்கவொண்ணாத சாட்சியாகின்றன.

மேலிருந்து தெரியாதவை

எனினும் வானத்துக் கண் அனைத்தையும் காணும் என்று எண்ணுதல் தவறு. அங்கத்தினர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

கோள் ஓர் ஊரின்மேல் எந்நேரமும் நிற்பதில்லை. சில நாட்களுக்கு ஒரு முறையே கடந்து செல்கிறது. இடையில் வந்து வடிந்த வெள்ளம் அதற்குத் தெரியாமலே போகலாம். அடர்ந்து வளர்ந்த பயிரின் அடியில் நிற்கும் நீரையும், சுவர்கள் நெருங்கிய தெருவில் நிற்கும் நீரையும் ராடார் பல வேளைகளில் சரிவர உணர்வதில்லை. தண்டிலும் சுவரிலும் பட்டு அலை திரும்பிவிடுவதே காரணம். கோள்கள் தரும் மேடுபள்ளக் கணக்கில் சில மீட்டர் பிழை நேர்வதுண்டு. மலைநாட்டில் அது பெரிதன்று. காவிரிப் படுகை போன்ற சமவெளியிலோ, அரை மீட்டர் உயரமே ஒரு வயல் பிழைப்பதற்கும் அழிவதற்கும் உள்ள வேறுபாடு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கூரைக்குக் கீழே உள்ள தறிக்குழி எந்தக் கோளுக்கும் தெரியாது என்பதே. வீடு சாயவில்லை, தெருவில் நீர் வடிந்துவிட்டது, ஆகவே இழப்பில்லை என்று படம் கூறும். உள்ளே ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருவாய் நனைந்து கிடக்கும். குத்தகைக்கு உழுபவர் நிலையும் இதனை ஒத்ததே. வயல் மூழ்கியதை நிலப்படம் காட்டும். பயிர் எவருடையது என்பதைக் காட்டாது. பட்டா ஒருவர் பெயரிலும் பாடு மற்றொருவரதாகவும் இருக்கும்போது, கணக்கில் இல்லாதவர் நிவாரணத்திலும் இல்லாதவராகிறார்.

சங்கம் செய்யத்தக்கவை

இக்குறையை நிரப்பும் ஆற்றல் கூட்டுறவுச் சங்கத்துக்கே உண்டு. நம் அங்கத்தினர் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பங்குத் தொகை ஆகியவை உள்ளன. தறிக்குழி உள்ள வீட்டின் தரை தெருவைவிடத் தாழ்ந்ததா என்பது அதில் இல்லை. கீழ்க்கண்டவற்றை ஒரு மாத காலத்தில் செய்து முடிக்கலாம்.

1. கிராம நிலப்படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சங்கத்தில் தொங்கவிடுக. முன்னைய வெள்ளங்களில் நீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்பதை முதியோரிடம் கேட்டு, தேதியுடன் குறித்திடுக. சமவெளியில் இதனினும் நுட்பமான மேடுபள்ளக் கணக்கு கிடைப்பது அரிது.

2. ஒவ்வொரு அங்கத்தினரின் தறியையும் வயலையும் படத்தில் எண்ணிட்டுக் காட்டுக. கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளையும் பதிவேட்டில் எழுதுக. குழித்தறியா, மேடைத்தறியா என்பதையும் சேர்க்க.

3. அடைபட்ட வடிகால், பழுதுபட்ட மதகு, தாழ்ந்த பாலம் ஆகியவற்றைச் சிவப்பு மையால் குறித்து, அதன் நகலைப் பருவமழைக்கு முன் உரிய அலுவலகத்துக்கு அனுப்புக.

4. தறியையும் நிற்கும் பயிரையும் மழைக்கு முன்னரே ஒளிப்படம் எடுத்து வைத்திடுக. நாளும் இடமும் பதிவாகும்படி கைப்பேசியை அமைத்துக்கொள்ளுதல் நலம். குத்தகைதாரர்கள் அடங்கலில் சாகுபடியாளராகத் தம் பெயர் ஏறியுள்ளதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிக.

5. எச்சரிக்கை வந்தவுடன் எந்தெந்த வீடுகளிலிருந்து நூலும் பட்டும் முதலில் எடுக்கப்பட வேண்டும், அவற்றை எந்த மேட்டு வீட்டில் வைப்பது, யார் சுமப்பது என்பதை நிருவாகக் குழு முன்னரே தீர்மானித்திடுக.

ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். யார் வீட்டில் எவ்வளவு பட்டு உள்ளது என்ற விவரம் ஊரார் அனைவரும் காண வேண்டியதன்று. சுவரில் தொங்கும் படத்தில் எண் மட்டும் இருக்கட்டும். பெயரும் இருப்பும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

இப்பணிக்கு ஆகும் செலவு ஒரு தாளும் மையும், சில மாலை நேரங்களுமே. ஹைதராபாத்திலிருந்து வரும் படம் வெள்ளத்தின் பரப்பைக் கூறும். அவ்வெள்ளத்துக்குள் அகப்பட்டவர் யார் என்பதைக் கூறுவது நம் பதிவேடு. இரண்டும் ஒரே மேசைமேல் வைக்கப்படும் ஊரில், நிவாரண அதிகாரி ஒரு வீட்டையும் தவறவிட நேராது. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு சங்கமும் மகாசபையில் இதனை ஒரு பொருளாக வைத்து, பணிக்கு இருவரைப் பெயர் குறித்து நியமித்தல் வேண்டும்.