நெய்வேலி கண்டோம்

வானம் தெளிந்த இரவுகளில் புன்னைக்காயல் கரையில் நின்று வடக்கே நோக்குவோர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களின் விளக்கொளியைக் கண்டிருப்பர். அங்கு எரியும் கரி நம் மண்ணில் விளைந்ததன்று; ஒடிசாவின் தால்ச்சேர் போன்ற சுரங்கங்களில் வெட்டப்பட்டுக் கப்பலேறி வருவது. ஆனால் 2015-ஆம் ஆண்டு அங்கே இயங்கத் தொடங்கிய 500 மெகாவாட் அலகுகள் இரண்டும், நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நிறுவியவை. ஆதலால் நெய்வேலி என்னும் பெயர் நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

நம் பங்குப் பெண் ஒருத்தி அப்பகுதியில் வாழ்க்கைப்பட்டுள்ளாள். அவளுடைய குழந்தையின் ஞானஸ்நானத்திற்குச் சென்றபோது அவ்வூரைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் நமக்குக் கிட்டியது.

பண்ருட்டியைக் கடந்ததும் மண் சிவக்கிறது. இருமருங்கிலும் முந்திரித் தோப்புகள், வேலியோரம் பலா. உப்பளமும் உடைமரமுமே கண்டு பழகிய நமக்கு அப்பசுமை பெருவிருந்து. நகரியத்தில் வீதிகளை வட்டம் வட்டமாக வகுத்து, மரம் அடர வளர்த்திருக்கிறார்கள். சுரங்க ஊர் என்றால் கரிபடிந்த ஊர் என்றெண்ணிச் சென்ற நாம் சற்றே நாணினோம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தோன்றியது; 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்; 1961-இல் கரிப்படலம் கண்ணுக்குத் தெரிந்தது; மறு ஆண்டே சோவியத் நாட்டின் உதவியுடன் மின்சாரம் பிறந்தது. அம்முதல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இக்கரி நெடுங்காலத்திற்கு முன் மண்ணில் புதையுண்ட காடு. அதே வகைப் பாறையடுக்கில், விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில், மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன, இங்கே கரியாயின. அதை எடுக்க ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான மண்ணை முதலில் அகற்ற வேண்டும். பிரமாண்டமான சக்கரங்களில் வாளிகள் பொருத்திய ஜெர்மானிய இயந்திரங்கள் இரவு பகலாக அதைச் செய்கின்றன. மண்ணினும் பெரிய இடையூறு நீரே. கரிப்படலத்தின் கீழே மிகுந்த அழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது; இடைவிடாது இறைக்காவிடில் சுரங்கத்தின் தரையையே அது பிளந்துவிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரியை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஆழம் போய்விட்டதென உழவர் முறையிடுகின்றனர். வெட்டிய மண் குன்றுகளாகக் குவிந்து, அவற்றின்மீது மரக்கன்று நட்டிருப்பதையும் கண்டோம். நன்றே, ஆயினும் நட்ட மரம் வேறு, உழுத வயல் வேறு.

சீனத்தின் வடபுலத்திலும் இத்தகைய ஊர் உண்டு. தாத்தோங் என்னும் கரிநகரை அடுத்த யுன்காங் குகைகளில், ஐந்தாம் நூற்றாண்டுப் புத்தர் சிலைகள்மீது லாரிகளின் கரித்தூசி படியவே, 1990-களின் இறுதியில் நெடுஞ்சாலையையே வேறு வழியில் திருப்பினர். நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் நடந்தது வேறு. 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்களை இறக்கினர். நிலம் முன்னரே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரையேனும் பொறுக்கலாகாதா என்றனர் உழவர். சட்டம் எப்பக்கமாயினும், பால் பிடிக்கும் பயிரை மண்ணோடு புரட்டியதை நம் மனம் ஒப்பவில்லை. வலை நிறைய மீன் இருக்கையில் கயிற்றை அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

புறப்படும் நாளன்று குழந்தையின் பாட்டனார் நம்மைச் சுரங்கம் காணுமிடத்திற்கு அழைத்துச் சென்றார். அவர் பிறந்த ஊர் இப்போது இல்லை. கைத்தடியை நீட்டி, "சாமி, அதோ சக்கரம் சுற்றுகிறதே, அதற்கு நேர் மேலே எங்கள் கிணறு இருந்தது. கவலை இறைத்து நான்தான் மாடு ஓட்டுவேன்" என்றார். அவர் காட்டிய இடத்தை அண்ணாந்து நோக்கினோம். இரண்டு கொக்குகள் பறந்துகொண்டிருந்தன.