சாவடி வரை உடன் சென்ற அன்பு



நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டிய அந்தக் காட்சியே நம் நெஞ்சில் நிலைத்திருக்கிறது. அதன் பின்னர் நடந்ததையும் லூக்கா நற்செய்தியாளர் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சமாரியர் காயப்பட்டவனைத் தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டு சென்றார். அங்கே அவனைக் கவனித்துக் கொண்டார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்ததோடு, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துச் சென்றார். முதற்கட்டு வழியோரத்தில் போடப்பட்டது. நலம் முழுமை பெற்றதோ சாவடியில். முதல் நாளின் இரக்கம் பலருக்கும் இயல்பாக வரும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடரும் இரக்கமே அரிது.

இந்தத் தொடரும் இரக்கத்தையே தம் கல்வி வாழ்வின் பொருளாகக் கொண்ட ஒரு தமிழ்ப் பெண்மணியை இவ்வாரம் நினைவுகூர்வோம். அவர் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் வி. சாந்தா. அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். இயேசு எடுத்துக்காட்டிய சமாரியரும் அன்றைய யூதருக்கு அயலாரே என்பதை நாம் அறிவோம்.

1927 மார்ச் 11ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்த சாந்தா, சேர் சி.வி. இராமனின் உறவினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் மருத்துவப் பட்டமும், 1955இல் மகப்பேறு மருத்துவத்தில் உயர் பட்டமும் பெற்றார். அரசுப் பணித் தேர்விலும் தேறினார். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்கென ஒரு பதவி காத்திருந்தது. அதை ஏற்றிருந்தால் அமைதியான, மதிப்புக்குரிய வாழ்வு அமைந்திருக்கும். அவரோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியிருந்த, 12 படுக்கைகளே கொண்ட சிறிய புற்றுநோய் மருத்துவமனையைத் தேர்ந்தார். புற்றுநோய் என்றாலே மரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. முதல் சில ஆண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். அந்த வளாகத்திலேயே குடியேறி, 2021 ஜனவரி 19ஆம் நாள் தமது 93ஆம் வயதில் இறக்கும்வரை அதைவிட்டு நீங்கவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவரும் சேர்ந்து வளர்த்த அந்த நிறுவனம் இன்று நானூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டு, ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளித்து வருகிறது. 2005இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

அவருடைய பணிகளுள் குழந்தைகளுக்காக அவர் செய்த பணியைச் சற்றே விரித்துக் காண்போம். 1960இல் அந்த நிறுவனம் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய முதற் பிரிவு அதுவே. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். இந்நோய் வந்த குழந்தையைக் காப்பாற்றுவது அன்று ஏறத்தாழ இயலாத செயல்.

அதற்குக் காரணம் மருந்து இல்லாமை மட்டுமன்று. 1948இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் 16 குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்தார். பத்துக் குழந்தைகள் தேறினர். அம்மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சாந்தா பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்னர் பயின்றவர் அவர். எனினும் சில மாதங்களில் நோய் திரும்பியது. எழுந்து விளையாடிய பிள்ளைகள் மீண்டும் படுக்கையில் வீழ்ந்தனர். கட்டுப்போட முடிந்தது, சாவடிக்கு வழி தெரியவில்லை.

அந்த வழியைக் கண்டவர்களுள் முதன்மையானவர் டொனால்ட் பிங்கல். நம் இல்லங்களில் பெரிதும் வணங்கப்படும் புனித யூதா ததேயுவிடம் தாம் செய்த நேர்த்திக்கடனை நிறைவேற்ற, டனி தோமஸ் என்னும் கத்தோலிக்கக் கலைஞர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். 1962இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனையின் முதல் இயக்குநராகப் பிங்கல் பொறுப்பேற்றார். நிறவேற்றுமை கடுமையாக இருந்த அந்நகரில் எல்லா இனக் குழந்தைகளையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றார். நோய் ஏன் திரும்புகிறது என ஆராய்ந்தபோது, மருந்து எளிதில் எட்டாத மூளை உறைகளில் நோய்க்கலங்கள் ஒளிந்திருப்பதை அவரது குழு கருத்திற்கொண்டது. அங்கும் சிகிச்சை அளித்து, பல மருந்துகளைச் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாது தொடர்ந்தனர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களிடம் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நிலையான நலம் பெறும் நிலை உருவாயிற்று. முன்னரோ நூற்றில் நால்வரே பிழைத்தனர்.

செல்வந்த நாட்டில் இயன்றது ஏழை நாட்டில் இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் டாக்டர் சாந்தா. 1980களில் சென்னை, மும்பை, புதுடெல்லி ஆகிய மூன்று நகரங்களின் மருத்துவமனைகள், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையுடன் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. இந்திய மருத்துவமனைகளின் வசதிக்கும் குடும்பங்களின் வறுமைக்கும் ஏற்றதாக அது வகுக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளையோரும் இம்முறையில் சிகிச்சை பெற்றனர். அதற்கு முன்னர் ஐவரில் ஒருவரே பிழைத்த நிலை மாறி, ஏறத்தாழ பாதிப்பேர் நலம்பெறும் நிலை வந்தது. இம்முடிவுகளை 2005இல் அவர்கள் ஆய்வுக் கட்டுரையாக உலகிற்கு அளித்தனர். பேராசான் என்னும் பெயருக்கு அவர் ஈட்டிய தகுதி இவ்வாறு உயிர்களால் அளக்கப்பட்டது.

அன்பார்ந்த மாத்தளை மாவட்டப் பெற்றோரே, இந்த வரலாறு உங்களுக்கு ஏன் சொல்லப்படுகிறது? இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உக்குவளையிலோ ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தால், சிகிச்சை தொடங்கிய நான்கைந்து வாரங்களில் பெரும்பாலும் காய்ச்சல் தணியும், முகம் தெளியும், பசி எடுக்கும். பரிசோதனையிலும் நோய் கண்ணுக்குப் புலப்படாமற் போகும். அப்போது வீட்டார் மகிழ்ந்து, புனிதர் கேட்டருளினார், இனிச் சிகிச்சை எதற்கு என்று எண்ணக்கூடும். மகரகமைக்கு மாத்தளையிலிருந்து சுமார் 140 கிலோமீற்றர். போய்வரும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாட் சம்பளம் இழப்பு. வீட்டில் மற்றப் பிள்ளைகள் தனியே. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் பயணமும் உணவும் இலவசமல்ல. இந்தச் சுமையை அறிந்தே சொல்கிறோம்: அங்கே நிறுத்திவிடாதீர்கள். நுண்ணோக்கிக்கும் தெரியாத கோடிக்கணக்கான நோய்க்கலங்கள் அப்போதும் உடலில் இருக்கலாம். இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும் முழுச் சிகிச்சையே அவற்றை வெல்லும். இடையில் கைவிடுவதே வறிய நாடுகளில் குழந்தைகளை இழக்கும் காரணங்களுள் ஒன்று என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வந்த நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூட இல்லை.

வஹாகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நோயுற்ற பிள்ளைக்காக மெழுகுதிரி ஏற்றி மன்றாடுங்கள். அந்த மன்றாட்டு மருந்துக்கு மாற்றல்ல. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் நிலத்திலிருந்து மருந்துகளைப் படைத்தார் என்றும், நோயுற்றவன் மன்றாடிய பின் மருத்துவருக்கும் இடமளிக்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. நம் முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை, அதாவது நித்திய கல்யாணியை, அனைவரும் அறிவோம். அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டீன் என்னும் மருந்து 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இன்றும் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் சிகிச்சையில் அது இன்றியமையாதது. கல்லறைமேல் பூக்கும் செடிக்குள் இறைவன் குழந்தைகளின் உயிரை வைத்திருந்தார். ஆயினும் அந்த இலையை வீட்டில் அவித்துக் கொடுக்காதீர்கள். அது நஞ்சு கலந்த செடி. இலையில் மிக நுண்ணிய அளவே உள்ள அம்மருந்தைப் பிரித்து, அளந்து, ஊசிவழி செலுத்துவது கற்றவர் கைக்கே உரியது.

பிள்ளைகளில் சில அடையாளங்களையும் கவனியுங்கள். நாட்பட்ட காய்ச்சல், வெளிறிய தோல், அடிபடாமலே தோன்றும் கருநீலத் தழும்பு, முரசிலிருந்து இரத்தக் கசிவு, இரவில் அழவைக்கும் எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, கண்மணியில் வெண்ணிற ஒளி ஆகியன தோன்றினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இவை பெரும்பாலும் வேறு சிறு நோய்களின் அடையாளங்களாகவே இருக்கும். காட்டித் தெளிவு பெறுவதால் இழப்பேதுமில்லை.

இப்பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவி, மக்கள் தம் உறவினரையே கைவிட்டு ஓடியபோது, புனித யோசேப் வாஸ் அடிகளார் அங்கேயே தங்கி நோயாளரைப் பேணினார். அவர் நடந்த மலைநாட்டில் வாழும் நாம், ஒரு பங்கில் ஒரு குழந்தை இந்நோயுடன் இருக்கும்போது என்ன செய்யலாம்? அன்பியக் குழுவொன்று மாதம் ஒருமுறை பயணச் செலவை ஏற்கலாம். அயல்வீட்டார் ஒருவர் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடலாம். இளைஞர் ஒருவர் தாயுடன் வைத்தியசாலைக்குச் சென்று வரிசையில் நிற்கலாம். பாடசாலைக்குத் திரும்பும் பிள்ளையிடமிருந்து நோய் தொற்றாது என்பதை மற்றப் பெற்றோருக்கு ஆசிரியர் எடுத்துச் சொல்லலாம். இவையே நம் காலத்தின் இரண்டு தெனாரியம்.

பெப்ரவரி 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருவிழாவில் திருச்சபை நோயாளர் தினத்தைக் கொண்டாடுகிறது. நான்கு நாள் கழித்து, பெப்ரவரி 15ஆம் நாள், உலகம் குழந்தைகளின் புற்றுநோயை நினைவுகூர்கிறது. அந்த வாரத் திருப்பலி முடிந்ததும் உங்கள் பங்கில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நம்மிடையே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, தொடர இயலாமல் வீட்டில் இருக்கும் குழந்தை யாரேனும் உண்டா? இருந்தால், அடுத்த சிகிச்சை நாள் எதுவென்று கேட்டறிந்து, அன்று அந்தக் குழந்தையுடன் பயணம் செய்யுங்கள்.