காப்பீட்டு வழக்கறிஞர்: ஜூனியர் முதல் பங்குதாரர் வரை

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன படிப்பு என்று கேட்டு வரும் பெற்றோரிடம் சட்டப் படிப்பைச் சொன்னால், "வக்கீலுக்கு வருமானம் வர நாளாகுமே" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாட்கள் எதற்காகச் செலவாகின்றன என்று தெரிந்தால், குடும்பம் பொறுத்துக்கொள்ளும். காப்பீட்டுச் சட்டத் துறையை வைத்து அதை விளக்குகிறோம்.

சாலை விபத்தில் 38 வயதுத் தந்தை இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழிலில் மாதம் 20,000 ரூபாய் வருமானம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவரை நம்பியிருந்தவர்கள். ஆண்டு வருமானம் 2,40,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். மீதி 1,80,000. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி இந்த வயதுக்கு 15ஆல் பெருக்கினால் 27 லட்சம். 2017 தீர்ப்பின்படி, வருங்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்துக் கணக்கிட்டால் 37 லட்சத்து 80 ஆயிரம். ஒரு தீர்ப்பை அறிந்த வக்கீலுக்கும் அறியாதவருக்கும் இடையே ஒரு குடும்பம் இழப்பது 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்! ஜூனியர் காலம் இந்தப் பயிற்சிக்கானது.

பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது பட்டப்படிப்புக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. பிறகு பார் கவுன்சிலில் பதிவு. பொதுப் பிரிவினருக்கு இதன் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அடுத்து அகில இந்திய பார் தேர்வு.

பின்னர் ஒரு சீனியரிடம் ஜூனியர். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, பிற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தரவேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் 2024இல் அறிவுறுத்தியது. சேரும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், நுகர்வோர் ஆணையம் ஆகியவற்றில் சில ஆண்டுகள் வழக்கு நடத்திப் பெயர் எடுத்தவர்கள், காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கறிஞர் பட்டியலில் இடம் பெற விண்ணப்பிக்கலாம். சட்ட நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் அசோசியேட், சீனியர் அசோசியேட் என்று உயர்வார்கள்.

அதற்கு மேல்தான் பங்குதாரர். வாதத் திறமை மட்டும் இதற்குப் போதாது. கட்சிக்காரர்களை நிறுவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இளையவர்களைப் பழக்க வேண்டும். பிறர் பணத்தை அமானிதமாகக் காக்க வேண்டும். கூட்டு வியாபாரம் அறிந்த நம் குடும்பங்களுக்கு இது புதிதல்ல: இலாபத்தில் பங்கு என்றால் பொறுப்பிலும் பங்கு. பெயரளவில் பங்குதாரராகிச் சம்பளம் மட்டும் பெறுவோரும் உண்டு. எது என்று ஒப்பந்தத்தைப் படித்தே கையெழுத்திட வேண்டும்.

மூன்று விதிகளைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். வக்கீல் அல்லாதவருடன் கட்டணத்தைப் பங்கிடும் கூட்டு கூடாது. வக்கீலாக இருந்துகொண்டு வாப்பாவின் கடையை நேரில் நடத்தக் கூடாது. நடத்தாத பங்காளியாக மட்டும், அதுவும் தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்தும் வியாபாரத்தில், இருக்கலாம். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் விதிமீறலே. விபத்து நடந்த வீட்டுக்கு இப்படிப் பேசிக்கொண்டு யார் வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். முதல் நான்கைந்து ஆண்டுகள் பிள்ளையிடம், மகனோ மகளோ, சம்பாத்தியத்தைக் கேட்காதீர்கள். அந்தப் பொறுமை, நாளை ஒரு விதவையின் வழக்கைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்த வக்கீலை நமது ஊருக்குத் தரும், இன்ஷா அல்லாஹ்.