நடுக்குவாதமும் மின்துடிப்புச் சிகிச்சையும்

வாய்க்காலில் நீர் முறையாக ஓடவேண்டுமாயின் மதகுகள் உரிய காலத்தில் திறந்து மூடவேண்டும். ஒரு மதகு பழுதுற்றாலும் அக்கிளையின் வயல்கள் யாவும் பாதிக்கப்படும். மூளையின் இயக்கமும் ஏறத்தாழ இத்தகையதே. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று இணைந்து வலைகளாக அமைந்தே நடத்தல், பேசுதல், நினைத்தல் முதலிய செயல்களை நடத்துகின்றன.

நடுக்குவாதம் அத்தகைய வலை ஒன்றில் ஏற்படும் கோளாறாகும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. நடுமூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அதனால் உடல் அசைவை ஆளும் வலையின் ஒழுங்கு குலைகிறது. ஓய்ந்திருக்கும் கை நடுங்கும், தசைகள் விறைக்கும், நடை தளரும்.

முதற் சிகிச்சை மருந்தே. 1960-களில் வழக்கிற்கு வந்த லெவோடோபா மூளையில் டோபமினாக மாறுகிறது. வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலும் இப்பொருள் உண்டு. ஆயினும் அளவறியாது அதனை உண்பது தீங்காகும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பலன் ஏறியும் இறங்கியும் நிற்கும். வேண்டாத அசைவுகளும் தோன்றலாம். அந்நிலையில் தக்கவர்களுக்கு மின்துடிப்புச் சிகிச்சை உதவுகிறது. இதன் இக்கால முறையை, பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்னும் அறுவை நிபுணரும் அவர் குழுவினரும் 1987-இல் தொடங்கினர். மெல்லிய மின்கம்பி மூளையின் உட்பகுதியிற் பொருத்தப்படும். மார்புத் தோலின் கீழ் வைக்கப்படும் சிறு மின்கலக் கருவி, விநாடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகளை அதன் வழியே அனுப்பும். வலையில் எழும் முறைகெட்ட துடிப்புகளை இது அடக்குவதால் நடுக்கமும் விறைப்பும் குறைகின்றன. எனினும் இது நோயை வேரறுப்பதன்று. மூளையில் இரத்தக்கசிவு, தொற்று ஆகிய அபாயங்களும் சிறிதளவு உண்டு. ஆதலின் யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவக் குழுவே முடிவு செய்யவேண்டும்.

கிராமத்தார் செய்யவேண்டுவது யாது? கை நடுங்கும் பெரியவரைக் குடிப்பழக்கமுடையவர் என்றோ, முதுமையின் இயல்பு என்றோ ஒதுக்குதல் தகாது. எல்லா நடுக்கமும் இந்நோயன்று; அதனைப் பகுத்தறிவது மருத்துவரின் பணி. கையெழுத்துச் சிறுத்தல், ஒரு கை வீசாது நடத்தல், குரல் தாழ்தல் ஆகியவற்றைக் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மருந்தை வேளை தவறாது உட்கொள்ள வீட்டார் துணைசெய்க. திடீரென்று நிறுத்துதல் ஆபத்து. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊராருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். மதகு பழுதாயிற்று என்று நாம் வயலைத் தரிசாக விடுவதில்லை. உழைத்து ஓய்ந்த முதியவர்களையும் அவ்வாறு விட்டுவிடலாகாது.