உறைந்த தேன் கலப்படமா?

1991இல் காரைநகரை விட்டு இடம்பெயர்ந்து, வன்னிவரை போன நம் குடும்பங்களுக்குக் காட்டுத்தேன் புதிதல்ல. ஆனாலும் போத்தலின் அடியில் சீனிபோல் உறைந்துவிட்டால், "கலப்படம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். உறைவது தேனின் இயல்பு. அதிலுள்ள குளுக்கோசு படிகமாகிறது. இளஞ்சூட்டு நீரில் போத்தலை வைத்தால் இளகும். அடுப்பில் காய்ச்சினால் மணமும் நொதியங்களும் கெடும்.

தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பவேண்டாம். கெட்டியான சீனிப்பாகும் அதில் தேறிவிடும்! மெழுகால் மூடிய, முற்றிய வதையில் எடுத்ததா என்று கேளுங்கள். அத்தேனில் ஈரம் குறைவு, எளிதில் புளிக்காது.

இருமலுக்குத் தேன் இதம் தரும். ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் நாவில் தொட்டும் வைக்காதீர்கள். எவ்வளவு தூய தேனிலும், பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் இருக்கலாம். காய்ச்சினாலும் அவை சாகா. அந்நோய் பச்சிளம் பிள்ளையின் மூச்சையே முடக்கக்கூடியது.