ஐப்பசிக்கு முன் ஏரியில் இடம் வேண்டும்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு மனையின் மேல் விழுந்ததை மட்டும் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லோடு! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அதோடு அடையாற்று வெள்ளமும் சேர்ந்து வீட்டுக்குள் நின்றது. நாலே வருடம், 2019 கோடையில் சென்னையும் புறநகரும் தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்தன.

மழைத் தண்ணீர் நிற்க இடம் ஒதுக்கிய ஊர் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே 2013-இல் பெந்தம்பிளைன் என்ற சதுக்கத்தைத் திறந்தார்கள். தாழ்வாக வெட்டிய மூன்று திடல்கள். வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பெருமழையில் சுற்றுவட்டாரத் தண்ணீர் அங்கே இறங்கி நிற்கும். கொள்ளளவு 17 லட்சம் லிட்டர். மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடப்பதால்தான் அந்தத் திடல் மழை நாளில் உதவுகிறது.

தாம்பரம் பக்கத்தில் உள்ள நம் செம்பாக்கம் ஏரி சுமார் 100 ஏக்கர். ஒரு மீட்டர் ஏற அதில் இடமிருந்தால் 40 கோடி லிட்டர் நிற்கும். இருநூறு பெந்தம்பிளைனுக்கும் மேல். ஆனால் இடம் இருக்க வேண்டுமே.

ஒரு காலத்தில் இருந்தது. நவரைப் பயிருக்கு மதகைத் திறப்பார்கள். ஏரி மெல்ல இறங்கும். சித்திரை, வைகாசியில் தரை வெடித்து மாடு மேயும். ஐப்பசி மழை வரும்போது வாங்கிக்கொள்ள ஏரி காத்திருக்கும். ஆயக்கட்டு மனைகளானதும் மதகுக்கு வேலை போனது. கோடையிலும் கழிவுநீர் வந்து சேர்ந்தது. மேலே ஆகாயத்தாமரை, அடியில் கறுப்புச் சேறு, கலங்கல் கல்லைத் தொட்டபடி தண்ணீர். இப்படி நிறைந்து நிற்கும் ஏரி முதல் பெருமழையிலேயே வழியத் தொடங்கும்.

பக்கத்து ஊரான சிட்லபாக்கத்தில் 2019-இல் ஊர்மக்களே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள்; பிறகு அரசு 25 கோடி ரூபாயில் சீரமைப்பை எடுத்தது. செம்பாக்கத்தில் ஏரியை மீட்க நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் என்ற சூழல் அமைப்புகளும் சென்னை ஐஐடியும் கைகோத்தன. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. கரையில் நடைபாதை வந்ததும் நிரம்பிய ஏரியைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வருகிறது, எனக்கும்தான். ஆனால் புரட்டாசிக் கடைசியில் ஏரி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். கழிவுநீரைத் தடுத்து, கோடையில் ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து வீடுகளுக்கு எடுத்தால் அந்த இடம் தானே உருவாகும். நெல்லுக்குப் பாய்ந்தது குழாயில் வரட்டும்.

இவை தனித்தனி ஏரிகளும் அல்ல. சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு. நடுவே ஒரு போக்குக் கால்வாய் குறுகினாலும் மேலே உள்ள தெரு நிறையும். ஒரு சிறுபாலத்தின் அடியில் குறுக்கே போகும் குழாய் போதும்: அதில் பிளாஸ்டிக் பை மாட்டும், பையில் ஆகாயத்தாமரை சிக்கும், கால்வாய் அடைபடும்.

2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். புயல் நாளில் கடல் பொங்கி நின்றால் முகத்துவாரம் தண்ணீரை எளிதில் வாங்காது. கடல்மட்டம் உயர உயர அந்தக் காத்திருப்பு நீளும். அதுவரை மேலிருந்து வரும் வெள்ளம் நிற்க வேண்டியது சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் நன்மங்கலத்திலும்தான்.