குழாயில் இறங்கும் வெயில்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கூரையைக் கவனித்துப் பாருங்கள். ஓரிரு இடங்களில் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருப்பார்கள். பகலில் சமையலறையில் விளக்கேற்றாமல் வேலை நடக்கச் செய்த ஏற்பாடு அது. அதே கூரையில் ஓடு சற்று விலகி ஊசித் துளை போல் ஓர் இடைவெளி இருந்தால், நண்பகலில் அதன் வழியே விழும் வெயில் தரையில் வட்டக் காசு போலக் கிடக்கும். துளை சதுரமாக இருந்தாலும் முக்கோணமாக இருந்தாலும் காசு வட்டமாகவே இருக்கும். ஏனெனில் அது துளையின் வடிவமன்று; சூரியனின் பிம்பம். துளையிலிருந்து தரை மூன்றேகால் மீட்டர் தொலைவு என்றால் காசின் விட்டம் ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும். இதிலிருந்து சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகைக் கோணமே காட்டுகிறது என்றும், அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே வருகின்றன என்றும் அறியலாம். இந்த அரை பாகை பின்னர் நமக்குப் பயன்படும்.

இன்றைய காங்கிரீட் வீட்டில் ஓடும் இல்லை, முற்றமும் இல்லை. அவ்வீட்டின் நடு அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, மின்விளக்கின்றி, கூரைவழி வரும் வெயிலைக் கொண்டே அதில் பவள உயிரிகளை வாழவைக்க இயலுமா? இயற்பியல் மாணவர்க்கு இது நல்ல கணக்கு. கணக்கின் விடை எதிர்பாராத ஓரிடத்தில் போய் முடிவதால் இதை எடுத்துக்கொண்டேன்.

பவளத்துக்கு ஒளி எதற்கு என்று கேட்கலாம். பவளம் செடியன்று, விலங்கு. ஆயினும் அதன் திசுக்களுக்குள் ஜுவோசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிக்கும் உணவின் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பல பவளங்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படிப் பெறுகின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசிகளால் வருவதே. ஆகவே பவளத் தொட்டிக்கு வெளிச்சம் என்பது அழகுக்காக அன்று, அதுவே சோறு.

கடலூர்க் கரையில் பவளத் திட்டுகள் இல்லை. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் வரிசையாக வந்து வண்டலையும் நன்னீரையும் கொட்டும் கரை இது. கலங்கல் நீரில் பாசிக்கு ஒளி எட்டாது. தமிழ்நாட்டில் பவளத் திட்டுகளைக் காண மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைப் பகுதிக்கும்தான் செல்லவேண்டும்.

வெயிலைக் கொண்டே பவளம் வளர்ப்பது புதிய எண்ணமன்று. பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியாத் தீவின் நூமேயா நகரில் ரெனே கதாலா என்ற பிரெஞ்சு அறிஞர் 1956இல் நிறுவிய காட்சியகத்தில், இயற்கை ஒளியிலும் ஓடும் கடல்நீரிலும் உயிருள்ள பவளங்கள் வளர்ந்தன. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் திறக்கப்பட்ட மாபெரும் பவளத் தொட்டி வானம் பார்த்தே அமைக்கப்பட்டிருந்தது. இவையெல்லாம் திறந்தவெளி ஏற்பாடுகள். வீட்டுக்குள் வெயிலை அழைத்து வரவேண்டுமானால் ஒளிக்குழாய் வேண்டும்.

ஒளிக்குழாய் என்பது உட்புறம் கண்ணாடி போல் பளபளக்கும் ஓர் உலோகக் குழாய். மேல்முனை கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழையும் தூசியும் புகாதபடி தெளிந்த பிளாஸ்டிக் குமிழ் ஒன்று அதை மூடியிருக்கும். கீழ்முனை அறைக்குள் திறக்கும். அங்கே ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடு இருக்கும். இதன் மூதாதையும் பழையதே. 1881இல் வில்லியம் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரே வில்விளக்கின் ஒளியைக் குழாய்கள் வழியே வீட்டின் பல அறைகளுக்கும் அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குழாய்த் தண்ணீர் போல் குழாய் வெளிச்சம்! அது நடைமுறையில் நிலைக்கவில்லை. காரணம், உட்சுவரின் எதிரொளிப்புத் திறன் போதாமை. அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

120 செ.மீ. நீளமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். சாய்வாக நுழையும் கதிர் சுவரில் மோதி மோதிக் கீழே இறங்கும். எத்தனை முறை மோதும்? திரிகோணமிதி தேவையில்லை. குழாயின் நீளமே உள்ள ஒரு குச்சியை மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலை அளந்து, குழாயின் விட்டத்தால் வகுங்கள். அதுவே விடை. ஏனென்று யோசித்தால் விளங்கும்: குச்சியின் நுனியிலிருந்து அடிக்கு வருவதற்குள் கதிர் பக்கவாட்டில் நகரும் தூரம்தானே நிழல், ஒவ்வொரு விட்ட அளவு நகரும்போதும் ஒரு மோதல். (குழாயின் நடுவிட்டத்தை ஒட்டிச் செல்லும் கதிருக்கு இது பொருந்தும். ஓரமாக நுழைபவை இன்னும் சில முறை மோதும்.)

மார்ச் மாதம் சமஇரவு நாளில், காலை 7 மணியை ஒட்டிச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் இருக்கும். நிழல் 448 செ.மீ.; மோதல் 15. காலை 8 மணிக்கு உயரம் 30 பாகை. நிழல் 208 செ.மீ.; மோதல் 7. டிசம்பர் 21 நண்பகலில் சிதம்பரத்தில் உயரம் 55 பாகை. நிழல் 84 செ.மீ.; மோதல் ஏறத்தாழ 3.

ஒவ்வொரு மோதலிலும் சிறிது ஒளி உலோகத்தால் உறிஞ்சப்படும். சாதாரண அலுமினியத் தகடு 85 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்போம். மூன்று மோதலுக்குப் பின் 61 விழுக்காடு மிஞ்சும். ஏழுக்குப் பின் 32. பதினைந்துக்குப் பின் 9 விழுக்காடுகூட இல்லை. இக்காலத்து ஒளிக்குழாய்களின் உட்பூச்சு 98 விழுக்காடு எதிரொளிக்கும் எனக் கொண்டால் இவை முறையே 94, 87, 74 ஆகின்றன. 85க்கும் 98க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சிறிது. பதினைந்து முறை பெருக்கினால் எட்டு மடங்கு! கூட்டுவட்டி கற்றவர்க்கு இது வியப்பாக இராது. வீலருடைய குழாயைத் தோற்கடித்தது இந்தக் கூட்டுவட்டிதான்.

இனித் தொட்டிக்கு எவ்வளவு ஒளி கிட்டும் என்று காண்போம். டிசம்பர் நண்பகலில் தெளிந்த வானத்தின்கீழ்க் கிடைத்தளத்தில் சுமார் 80,000 லக்ஸ் ஒளி விழும். குழாயின் வாய் 0.07 சதுர மீட்டர். ஆக உள்ளே நுழைவது 5,600 லூமென். குமிழிலும் சுவரிலும் பால்தகட்டிலும் இழந்தது போகக் கீழே வருவது 4,000 லூமென் எனலாம். பழைய 40 வாட் குழல்விளக்கு ஒன்று 2,500 லூமென் அளவில் தரும் என்பதோடு இதை ஒப்பிடுங்கள். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியின் பரப்பு 0.4 சதுர மீட்டர். வந்த ஒளி முழுவதும் அதன்மேல் விழுந்தால் 10,000 லக்ஸ்.

ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. பாசிக்குக் கண் இல்லை. அது ஃபோட்டான்களை எண்ணுகிறது. ஒரு விநாடியில் ஒரு சதுர மீட்டரில் விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஃபோட்டான்களை மைக்ரோமோல் கணக்கில் கூறுவர். வெயிலைப் பொறுத்தவரை லக்ஸை 54ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். நம் தொட்டிக்கு 185. உச்சி வெயிலில் திறந்தவெளியில் 2,000. பல பவளங்களின் பாசிகளுக்கு 200 முதல் 400 வரை இருந்தால் ஒளிச்சேர்க்கை நிறைவு பெற்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் உணவு கூடாது. ஆகவே இரண்டு குழாய் அமைத்தால் டிசம்பரில்கூட நண்பகலைச் சுற்றிய சில மணி நேரத்துக்குப் போதிய ஒளி கிடைக்கும்.

இதுவரை கணக்கு இனிக்கிறது. இப்போது நாட்காட்டியைப் புரட்டி ஏப்ரல் மாதத்துக்கு வாருங்கள்.

சிதம்பரம் 11.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும், மீண்டும் ஆகஸ்டு 22ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். குச்சிக்கு நிழலே இராது. நிழல் பூச்சியமானால் மோதலும் பூச்சியம். ஒளி குழாயின் சுவரைத் தொடாமலே நேரே இறங்கும்! பால்தகட்டை எடுத்துவிட்டால் 30 செ.மீ. வட்டத்துக்குள் 90,000 லக்ஸ், அதாவது 1,600 மைக்ரோமோலுக்கு மேல், தொட்டியின் ஒரே இடத்தில் விழும். பொறியாளர் பார்வையில் குழாய் மிகச் சிறப்பாக வேலை செய்யும் நேரம் அதுவே. பவளத்தின் பார்வையில் மிகக் கொடிய நேரமும் அதுவே.

நிறைவுக்கு மேற்பட்ட ஒளி வீணாகப் போவதில்லை, தீங்கு செய்கிறது. நீரும் சூடாக இருந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதுபட்டு, திசுக்களை அரிக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. பவளம் தன் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளிருக்கும் வெண்சுண்ணக் கூடு தெரியும். இதைப் பவள வெளிறல் என்பர். சில வாரங்களுக்குள் நிலைமை சீரானால் பவளம் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே வெளிறல் தொடங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடும் வெளிறல் நேர்ந்தது. கோடை வெயிலும் கோடை நீரும் சேர்ந்து தாக்கும் மாதங்களில்தான் அங்கும் வெளிறல் தலைகாட்டுகிறது. தொட்டிக்கார் பயப்படவேண்டிய மாதங்களும் அவையே.

வெயிலோடு எவ்வளவு வெப்பம் வருகிறது? ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்றால் நம் குழாய்வாயில் 70 வாட். தொட்டியை அடைவது 60 என்போம். தொட்டியின் ஆழம் 40 செ.மீ. ஆனால் நீர் 162 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 0.3 டிகிரி ஏறும். நான்கு மணி நேரத்தில் ஒரு டிகிரியைத் தாண்டிவிடும். ஆபத்தின் எல்லையும் அந்த ஒரு டிகிரிதான். வெயிலைக் குறைகூறுவது முற்றிலும் நியாயமன்று. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் வெயில், 15 லூமென்கூடத் தராத பழைய இழை பல்பைவிட எவ்வளவோ குளிர்ந்த ஒளி. உண்மையான பகை மே மாதத்து அறைக் காற்றே.

இதற்கு மண்பானைத் தத்துவம் உதவும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால், ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் அந்த 162 லிட்டரையும் மூன்றரை டிகிரி குளிர்விக்கும் அளவுடையது. கடலூர்க் காற்றில் ஈரம் மிகுதியாதலால் ஆவியாதல் மெதுவாக நடக்கும் என்பது ஒரு குறை. ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்வதால் தொட்டி நாளுக்கு நாள் உவர்ப்பேறும் என்பது இன்னொன்று. ஈடுசெய்ய ஊற்றவேண்டியது நன்னீரே, கடல்நீரன்று. ஒளியைக் குறைப்பதோ எளிது. நாற்றங்காலில் கட்டும் நிழல்வலையில் ஒரு துண்டு குமிழின்மேல் போர்த்தினால் போதும். கோடைக்குப் பந்தல் போடும் ஊரில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்த அரை பாகைக்கு வருகிறேன். கடலடியில் ஒளி வலைபோல் நெளிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நீர்ப்பரப்பின் ஒவ்வோர் அலையும் ஒரு குவிலென்சாகி ஒளியைக் கோடுகளாகக் குவிக்கிறது. சூரியன் அரை பாகையளவே அகன்றிருப்பதால் கோடுகள் கூர்மையாக விழுகின்றன. பால்தகடு போட்டால் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் நெளிவு மறைந்துவிடும். ஏப்ரலில் பவளத்தைக் காப்பதும் இந்த அழகைக் கெடுப்பதும் ஒரே தகடு!

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வானம் மூடிக்கிடக்கும். மேகத்தினூடே வரும் ஒளி எல்லாச் சாய்விலும் வருவதால் பெரும்பகுதி பலமுறை மோதித் தேய்கிறது. தொடர்ந்து சில நாள் இருட்டைப் பவளம் தாங்கும். கடலிலும் அதற்கு அப்படித்தான். ஆயினும் நீரை ஓட்டும் பம்பு நின்றால் தாங்காது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. வெயில் குழாய்க்கு மின்சாரம் வேண்டாம், ஆக்சிஜனுக்கு வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பவளம் தேடிக் கடலுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. எடுப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நம் கணக்கைச் சோதிக்கக் கடற்பாசி போதும். பச்சை நிறக் கடல் லெட்டூஸ் பாசியும் ஒளிக்கு ஏங்குவதே. ஒளி குறைந்தால் வெளிறியும் நைந்தும் தானே காட்டிக்கொடுக்கும். துணைக்கு மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள் உள்ளன. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கழிமுக நீரைக் கொண்டே அம்மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியது.

தொட்டி வாங்கும் முன் செய்து பார்க்க ஒரு சோதனை. 10 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றினுள் சமையலறை அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் உள்நோக்கி, சுருக்கமின்றி ஒட்டுங்கள். மற்றொன்றினுள் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். கைப்பேசியில் லக்ஸ் அளவி செயலியைத் திறந்து, இரு குழாய்களின் அடியிலும் காலை 8 மணி, 10 மணி, நண்பகல் ஆகிய நேரங்களில் அளந்து, குச்சியின் நிழலையும் உடன் குறித்து வையுங்கள். மோதல் எண்ணிக்கைக்கு எதிராகக் கிடைத்த விழுக்காட்டை வரைபடமாக்கினால் உங்கள் தாளின் எதிரொளிப்புத் திறனை நீங்களே கணித்துவிடலாம். ஏப்ரல் 20ஐ ஒட்டிய நண்பகலில் அளந்தால் இரு குழாய்களும் என்ன காட்டும்? அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள்.